சி செக்ஷன் ஆமை

போன மாசம் ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்த ஸ்கூல்லேர்ந்து ரெண்டு இளம் டீச்சருங்க அல்சூர்ல என் வீட்டைத் தேடிக்கிட்டு வந்தாங்க. கையில லேப்டாப், தோள்ல சுருட்டின ஒரு பாய். படுக்கிற பாய் இல்லை. கலர் கலரா கட்டம் போட்ட பிளாஸ்டிக் பாய். பிள்ளைங்களை அந்தக் கட்டத்துல நிக்க வெச்சு, முன்னே போ, திரும்புன்னு சொல்லி, விளையாட்டாவே கோடிங் சொல்லித் தர்றாங்களாம். அதுக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேர் சொன்னாங்க. பேரு முடியறதுக்குள்ள எனக்குக் காபி ஆறிப்போச்சு.

"சார், இதை அந்தக் காலத்துலயே நம்ம ஸ்கூல்ல நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. டீச்சர்ஸ் ட்ரெயினிங்ல வந்து பேசணும் சார். ஐடியா எப்படி வந்துச்சுன்னு சொன்னா போதும்."

ஐடியாவும் வரலை ஒண்ணும் வரலை, ஒரு பூட்டு இருந்துச்சு, அதனால வந்த வினைதான்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பெரியவர் தன்னடக்கமா பேசறார்னு நினைச்சுட்டாங்க போல. தன்னடக்கத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், வாழ்நாள் பூரா விசில் ஊதிப் பொழைச்சவன் நான். மேடையில ஏத்தினா அஞ்சு நிமிஷம் பேச விட்டு, பூச்செண்டைக் கையில திணிச்சு இறக்கி விட்டுடுவாங்க. அதான் உட்கார்ந்து முழுசா எழுதிடறேன்.

நான் பி.டி. மாஸ்டர். பேரு தங்கராஜ், ஆனா ஸ்கூல்ல பியூன்லேர்ந்து பிரின்சிபால் வரைக்கும் எல்லாருக்கும் நான் வெறும் மாஸ்டர்தான். காலையில பிரேயருக்கு வரிசை கட்டறது, லேட்டா வர்றவனை கேட்டுல பிடிக்கிறது, பொண்ணுங்களுக்கு த்ரோபால், பசங்களுக்கு கபடி, ஸ்போர்ட்ஸ் டேக்கு சுண்ணாம்புப் பொடியில ட்ராக் போடறது. இதான் என் உத்தியோகம். இதுல நான் சூரன். ஆயிரம் பிள்ளைங்க பேசிக்கிட்டிருந்தாலும் ஒரு விசில்ல எல்லாக் காலும் நின்னுடும்.

தொண்ணூறுகள்ல ஊருக்கே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடிச்சு ஆடுச்சு. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்து வர்ற வழியில பார்ப்பேன். கீழே கறிக்கடை, மாடியில கம்ப்யூட்டர் கிளாஸ். கீழே துணிக்கடை, மாடியில கம்ப்யூட்டர் கிளாஸ். பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல சேர்த்துடணும்னு அலைஞ்சாங்க. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி, தனக்குப் புதுசு வாங்கினதும் பழைய கம்ப்யூட்டர் நாலைஞ்சை எங்க ஸ்கூலுக்கு தானமா குடுத்துடுச்சு. சொல்லித்தர ஆள் வேணுமே. சயின்ஸ் டீச்சர் ஷாக் அடிக்கும்னாங்க. மேத்ஸ் மாஸ்டர் போர்ஷன் முடியலைன்னு கையை விரிச்சுட்டார். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் ஒரே நேரத்துல என் பக்கம் திரும்பினாங்க. மழை பெய்ஞ்சா இவனுக்கு வேலை கிடையாதேன்னு ஒருத்தர் எடுத்துக் குடுத்தார். பெங்களூர்ல மழைக்கா பஞ்சம்? அப்படியே என் தலையில கட்டிட்டாங்க.

ட்ரெயினிங்குக்கு அனுப்பினாங்க. ஹால் நிறைய மாஸ்டர்மார், கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணு. முன் வரிசைக்காரங்க அதைச் சுத்தி நின்னுட்டதுல, எனக்கு அவங்க முதுகைப் பத்தி நல்லா விவரம் தெரிஞ்சுது. மீதியைக் காதால கேட்டு எழுதிக்கிட்டேன். லோகோன்னு பிள்ளைங்களுக்கான ஒரு பாஷை சொல்லிக் குடுத்தாங்க. திரையில ஒரு ஆமை இருக்கும். முன்னே நூறுன்னு டைப் பண்ணா அது முன்னே நகரும், போற வழியில கோடு விழும். வலப்பக்கம் தொண்ணூறுன்னா திரும்பும். அட, இது நம்ம ட்ரில்லுதானேன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். கடைசி நாள் கைகுலுக்கி சர்ட்டிஃபிகேட் குடுத்தாங்க. கீபோர்டுல ஒரு விரல் வைக்காமலேயே நான் கம்ப்யூட்டர் மாஸ்டர் ஆயிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தா, நிலைமை மாறிப்போச்சு. ஏ, பி செக்ஷனுக்குச் சொல்லித்தர, கம்ப்யூட்டர் குடுத்த கம்பெனியே டை கட்டின ஒரு பையனை அனுப்பிடுச்சு. எனக்கு மிஞ்சினது சி செக்ஷன். சி செக்ஷன்னா தமிழ் மீடியம். கறிக்கடையில, துணிக்கடையில நிக்கிறவங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க, கார்ப்பரேஷன்ல துப்புரவு வேலை பார்க்கிறவங்க, இவங்க பிள்ளைங்க. சி செக்ஷனுக்குத் தியரி போதும்னு பிரின்சிபால் மேடம் சொல்லிட்டாங்க. தியரி நடத்தற மாஸ்டருக்கு அந்த ரூம்ல என்ன வேலை? அதனால எனக்கும் உள்ளே போக அனுமதி இல்லை.

அந்த ரூமைப் பத்தி சொல்லியே ஆகணும். ஸ்கூல்லயே ஏ.சி. போட்ட ரூம் அது ஒண்ணுதான். மேடம் ரூம்லகூட ஃபேன்தான். தரையில சிவப்புக் கார்ப்பெட், ஜன்னலுக்குத் திரை. செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் போகணும். தையல் கிளாஸ் பொண்ணுங்க ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரோஸ் கலர் சாட்டின்ல உறை தெச்சு, ஃப்ரில் வெச்சு, நடுவுல பூ எம்பிராய்டரி போட்டுக் குடுத்திருந்தாங்க. ஏ செக்ஷன்ல ரேங்க் வாங்கற பிள்ளைங்க உட்காருவாங்க. மத்தவங்க பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்ப்பாங்க. பெல் அடிச்சதும் உறையைப் போட்டு மூடிட்டுப் பூட்டிடணும். அட்டெண்டர் பைரப்பாதான் துடைக்கிறவர். ஒரு தடவை அவர் துடைக்கும்போது நான் கதவுகிட்ட எட்டிப் பார்த்தேன். "பேடா சார், மேடம் பைதாரெ"ன்னு கதவைச் சாத்திட்டார். வேணாம் சார், மேடம் திட்டுவாங்கன்னு. அவர் திட்டு வாங்கறதுல எனக்கு விருப்பம் இல்லை, வந்துட்டேன்.

சாவி மேடம் இடுப்புல. மேடம் பேரு பிரிசில்லா. என் சர்வீஸ்ல அவங்களை மாதிரி ஒரு மேலதிகாரியை நான் பார்த்ததே இல்லை. கத்த மாட்டாங்க. முடியாதுன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க. நாம போய் நின்னா, பேனாவை மூடி வெச்சுட்டு, சங்கிலியில தொங்கற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, நாம சொல்றதை முழுசா கேப்பாங்க. நடுவுல தலையாட்டுவாங்க. முடிச்சதும், "வெரி குட் தாட், மாஸ்டர்"னுவாங்க. நமக்கு உச்சி குளிர்ந்துடும். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுப்பாங்க. "எடுத்துக்கோங்க"ன்னு நீட்டுவாங்க. நாம க்ரீம் பிஸ்கட்டை வாயில போட்டு மெல்லும்போதே அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுடுவாங்க. வெளியே வராண்டாவுல மீசையில தூளோட நிக்கும்போதுதான், கேட்டது கிடைக்கலைன்னே உறைக்கும். ஸ்டாஃப் ரூம்ல யாராவது லீவு கேட்டுட்டு வந்தா, "என்ன, பிஸ்கட்டா?"ன்னுதான் விசாரிப்போம்.

நியாயத்தையும் சொல்லணும். கம்ப்யூட்டர் வந்த புதுசுல ஏ செக்ஷன் பையன் ஒருத்தன் எதையோ அமுக்கி ஒண்ணு படுத்துக்கிச்சு. ஸ்கூலை நடத்தற ட்ரஸ்ட்காரங்க மேடத்தைக் கூப்பிட்டு நிக்க வெச்சு கேள்வி கேட்டாங்களாம். அன்னைக்கு வந்த பயம் அந்த அம்மாவுக்கு. பயத்தை சாவியா மாத்தி இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

சரி, தியரி. கம்ப்யூட்டர்னா என்ன, பாகங்கள் என்ன, கண்டுபிடிச்சவர் யார். கரும்பலகையில எழுதுவேன், பிள்ளைங்க எழுதும். காலாண்டுப் பரீட்சையில 'கம்ப்யூட்டரின் படம் வரைந்து பாகங்களைக் குறி'ன்னு கேட்டிருந்தேன். பேப்பரைத் திருத்த உட்கார்ந்தவன் ஆடிப்போயிட்டேன். எட்டாங்கிளாஸ் சி செக்ஷன்ல முக்காவாசிப் பேர் ரோஸ் கலர்ல ஒரு மூட்டை வரைஞ்சிருந்தாங்க. கீழே ஃப்ரில். நடுவுல பூ. அதுல ஒண்ணு அம்புக்குறி போட்டு, 'மானிட்டர் இதற்குள் உள்ளது'ன்னு எழுதியிருந்துச்சு.

பாவம், ஜன்னல் திரை விலகறப்போ அவங்க பார்த்த கம்ப்யூட்டர் அதுதான். எப்பவும் உறை போட்ட கம்ப்யூட்டர். நான் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரலை. உறையில்லாத கம்ப்யூட்டரை நானே ரெண்டு முதுகுக்கு நடுவுலதான் பார்த்திருக்கேன். எல்லாருக்கும் முழு மார்க் போட்டேன்.

அம்புக்குறி போட்ட பொண்ணு கஸ்தூரி. சிவாஜிநகர் கறிக்கடையில அவங்க அப்பா வேலை. ஒல்லியா, நெட்டையா இருக்கும். வாயும் நீளம். பேப்பரைக் குடுத்ததும் எழுந்திருச்சு, "எங்களை எப்போ சார் அந்த ரூமுக்குள்ள விடுவாங்க?"ன்னு கேட்டுச்சு. கேட்டுச் சொல்றேன்னு போனேன். பிஸ்கட் சாப்பிட்டுட்டு வந்தேன்.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அடுத்த கம்ப்யூட்டர் பீரியட், "எல்லாரும் கிரவுண்டுக்கு நட"ன்னேன். ரூமைத்தானே பூட்டுவீங்க, கிரவுண்டை எப்படிப் பூட்டுவீங்கன்னு ஒரு வீம்பு.

ஸ்போர்ட்ஸ் ரூம்லேர்ந்து ட்ராக் போடற டப்பாவை எடுத்தேன். பால் பவுடர் டப்பாதான், அடியில ஓட்டை. சுண்ணாம்புப் பொடியை ரொப்பிக் கையில பிடிச்சு நடந்தா தரையில வெள்ளைக் கோடு விழும். உள்ளங்கையை அடியில வெச்சு மூடினா கோடு நின்னுடும். அந்த டப்பாவை அந்தோணின்னு ஒரு பையன் கையில குடுத்து, "நீதான்டா ஆமை"ன்னேன். மத்தவங்க கட்டளை சொல்லணும். முன்னே பத்து. வலப்பக்கம் தொண்ணூறு. அந்தோணி அப்படியே நடக்கணும்.

நான் வெச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு. ஆமை யோசிக்கக் கூடாது. சொன்னதைச் செய்யணும், சொல்லாததைச் செய்யக் கூடாது. கேக்க சுலபமா இருக்கும். முன்னே இருபதுன்னு ஒருத்தன் சொன்னான், பன்னெண்டாவது அடியில கோல்போஸ்ட் வந்துச்சு. அந்தோணி நைசா ஒதுங்கிப் போனான். விசில் ஊதினேன். "டேய், உனக்கு மூளை கிடையாது. இருக்கிற மாதிரி நடிக்காதே"ன்னேன். மறுபடியும் நடக்க விட்டேன். போஸ்ட்டுல நெஞ்சு முட்டி, அங்கேயே நின்னு மீதி எட்டு அடியையும் கால் மாத்தி மாத்திப் போட்டு முடிச்சான். அதுக்கு ட்ரில்ல மார்க் டைம்னு பேரு. நின்ன இடத்துலயே நடை. கட்டளை முடியற வரைக்கும் காலை நிறுத்தக் கூடாதுன்னு அதையும் சட்டமாக்கிட்டேன்.

மறுநாள் அந்தோணியோட அம்மா வந்துட்டாங்க. பையனுக்கு மூளை இல்லைன்னு மாஸ்டர் சொன்னாராமேன்னு கேட்டாங்க. நான் ஆமை, கம்ப்யூட்டர்னு விளக்க ஆரம்பிச்சேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "வீட்டுல நாங்களும் அதான் சார் சொல்றோம். ஆனா நாலு பேர் முன்னாடி சொல்லாதீங்க, வளர்ற பிள்ளை"ன்னுட்டுப் போனாங்க.

சதுரம் வந்துடுச்சு. முக்கோணம்தான் எங்களை ஒரு மாசம் ஆட்டி வெச்சுது. முக்கோணத்துல ஒரு மூலைக்கு அறுபதுன்னு மேத்ஸ் புஸ்தகத்துல இருக்கு. முன்னே பத்து, வலப்பக்கம் அறுபது, இதை மூணு தடவைன்னு சொன்னோம். அந்தோணி வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஒண்ணைப் போட்டுட்டு, எங்கேயோ போய் நின்னான். முனை சேரவே இல்லை. அவன் தப்பா நடக்கறான்னு ஆளாளுக்கு அவனைத் திட்டினாங்க. ஆமையை மாத்தினோம், அதே கிண்ணம். எனக்கும் தெரியலை. லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், அபௌட் டர்ன் தெரிஞ்சவன்கிட்ட வந்து அறுபதைக் கேட்டா எப்படி?

கஸ்தூரி அந்தோணிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நடந்துச்சு. அவன் திரும்பினா அதுவும் திரும்பும். ரெண்டு மூணு சுத்து நடந்துட்டு வந்து, "சார், புஸ்தகத்துல இருக்கிறது கோட்டுக்கு உள்பக்க அறுபது. இவன் கோட்டு மேல நடக்கறான். இவன் மூக்கு எவ்ளோ திரும்புதுன்னுதான் பார்க்கணும்"னு சொல்லுச்சு. முக்கோணம் முடிஞ்சா மூக்கு பழையபடி அதே திசைக்கு வந்துடணும், அப்போ மொத்தம் ஒரு முழு சுத்து, அதை மூணா பங்கு போடணும்னு சொல்லுச்சு. நூத்தி இருபது. அந்தோணியை நடக்க விட்டோம். வெள்ளைக் கோட்டோட முனை ஆரம்பிச்ச இடத்துல வந்து கப்புன்னு ஒட்டுச்சு. நான் அப்படியே மலைச்சு நின்னுட்டேன். என் வாழ்நாள்ல நான் பார்த்த எந்தக் கோப்பையும் அந்த முக்கோணம் குடுத்த சந்தோஷத்தைக் குடுக்கலை.

அதுக்கப்புறம் பிள்ளைங்களைப் பிடிக்க முடியலை. நட்சத்திரம் போட்டாங்க. சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பூவாக்கினாங்க. 'சுவர் வர்ற வரைக்கும் நட'ன்னு 'வரைக்கும்' போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. ஏ செக்ஷன் பிள்ளைங்க ஏ.சி. ரூம்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டு, ஜன்னல் திரையை விலக்கி எங்களைப் பார்க்க ஆரம்பிச்சுதுங்க.

மேடமும் பார்த்தாங்க. கூப்பிட்டு விட்டாங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு முழுசா கேட்டாங்க. "ஸ்போர்ட்ஸ் டேல இதைச் செய்து காட்டுங்க மாஸ்டர். சி செக்ஷனுக்கும் கம்ப்யூட்டர் புரியும்னு தெரிஞ்சுட்டா, அடுத்த டெர்ம்லேர்ந்து ரூமுக்கு விடலாம்"னாங்க. டிராயரைத் திறக்கவே இல்லை. நான் துள்ளிக் குதிச்சு ஓடி வந்து பிள்ளைங்ககிட்ட சொன்னேன். ஸ்போர்ட்ஸ் டே வரைக்கும் அதுங்க மதியம் சாப்பிட்ட கையோட கிரவுண்டுல நின்னுச்சுங்க.

ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு ஒரு கோடு பிசகலை. பெரிய நட்சத்திரம், அதைச் சுத்திப் பூ. பெத்தவங்க எழுந்திருச்சுக் கை தட்டினாங்க. மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினாங்க. "மாஸ்டர், என் கண்ணைத் திறந்துட்டீங்க. கம்ப்யூட்டரே இல்லாம இவ்வளவு நல்லா கத்துக்கிட்டாங்களே. இந்தப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"ன்னாங்க. சொல்லிட்டு டிராயரைத் திறந்தாங்க. அன்னைக்கு ரெண்டு பிஸ்கட் குடுத்தாங்க.

கிளாஸ்ல போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். கஸ்தூரி மட்டும், "தப்பா பண்ணியிருந்தா உள்ளே விட்டிருப்பாங்களா சார்?"ன்னு கேட்டுச்சு. கிண்டல் இல்லை, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. வேர்வை சிந்தி ஜெயிச்சு, அந்த வெற்றியையே காரணம் காட்டி வெளியே நிறுத்தினா அந்தப் பிள்ளைங்க யார்கிட்ட போய் கேக்கும்?

ஸ்கூலுக்கு மட்டும் நல்ல யோகம். அட்மிஷன் நோட்டீஸ்ல எங்க நட்சத்திரம்தான் படம். அதைப் பார்த்துட்டு வந்து பெத்தவங்க பிள்ளைங்களை ஏ செக்ஷன்ல சேர்த்தாங்க. அடுத்த வருஷம் ட்ரஸ்ட் மீட்டிங் அன்னைக்கு, கம்ப்யூட்டர் தானம் குடுத்த கம்பெனியோட பெரிய அதிகாரியே வர்றார்னு சொல்லி, "உங்க ஐட்டம்தான் ஹைலைட், மாஸ்டர்"னு மேடம் சொன்னாங்க. பிள்ளைங்க இப்போ ஒன்பதாங்கிளாஸ். செய்யறோம் மேடம்னு சொல்லிட்டு வந்தேன். மனசுல ஒரு குறும்பு ஓடுச்சு.

புரோகிராமை நானும் கஸ்தூரியும் சேர்ந்துதான் எழுதினோம். முதல்ல நட்சத்திரம். அப்புறம் பூ. அப்புறம் ஆமை கிரவுண்டை விட்டு வெளியே வரணும், பின்னாடி மொத்த செக்ஷனும் வரணும். வராண்டா ஏறி, கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல போய் நின்னு, 'கதவு திறக்கிற வரைக்கும் மார்க் டைம்.' அவ்வளவுதான். அதிகாரி ஏன்னு கேப்பார், மேடம் திறந்துதானே ஆகணும். ஒரு தடவையாவது உள்ளே எட்டிப் பார்க்கட்டுமேன்னு நினைச்சேன். அதுக்கு மேல எனக்கு ஆசை இல்லை.

அன்னைக்கு அந்தோணி டப்பாவோட வராண்டா ஏறினதும் அதிகாரி தானா எழுந்து கோட்டுக்குப் பின்னாடியே வர ஆரம்பிச்சுட்டார். நல்ல மனுஷன், தமிழ் பேசறவர். ட்ரஸ்ட்காரங்களும் வந்தாங்க. மேடம் என் பக்கத்துல வந்து மெதுவா, "அங்கே எதுக்கு மாஸ்டர் போறாங்க?"ன்னாங்க. புரோகிராம் மேடம்னு சொன்னேன். பூட்டின கதவுக்கு முன்னாடி செக்ஷன் மொத்தமும் நின்னு காலை மாத்திச்சு. வராண்டா அதிர்ந்துச்சு.

அதிகாரிக்கு ஒரே குஷி. இது எப்போ நிக்கும்னு கேட்டார். கதவு திறந்தா நிக்கும் சார்னேன். "பிரமாதம். நிபந்தனை நிறைவேறலைன்னா இது முடிவே இல்லாம ஓடும் மேடம், திறந்துடுங்க"ன்னு சிரிச்சார். மேடம் மூஞ்சியில ஈயாடலை. பிஸ்கட் டின் அவங்க ரூம்ல இருந்துச்சு. வேற வழி இல்லாம சாவியை எடுத்துத் திறந்தாங்க.

கால் நிக்கலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. விசில் ஊதினேன். நிக்கலை. என் சர்வீஸ்ல என் விசிலுக்கு நிக்காத காலை அன்னைக்குத்தான் பார்த்தேன். கஸ்தூரி காலை மாத்திக்கிட்டே மூச்சு வாங்கச் சொல்லுச்சு.

"கதவு இல்லை சார். நேத்து அதை மாத்திட்டோம். கடைசி ஆள் உள்ளே உட்கார்ந்து ஒரு கட்டளை அடிக்கிற வரைக்கும்."

நான் பேந்தப் பேந்த முழிச்சேன். அதிகாரி ஒரு நிமிஷம் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தார். அப்புறம் ஷூவைக் கழட்டிட்டு உள்ளே போய், தன் கையாலேயே ரோஸ் கலர் உறையை ஒவ்வொண்ணா எடுத்தார். டை கட்டின பையன் ஓடி வந்து ஸ்விட்சைப் போட்டான்.

ஒவ்வொருத்தரா உள்ளே போனாங்க. சுண்ணாம்புக் கால் சிவப்புக் கார்ப்பெட் பூரா பதிஞ்சுது. மேடம் மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உட்கார்ந்தவங்க ஒரு கட்டளை அடிச்சுட்டு எழுந்து, திரும்ப வரிசையில போய் நின்னு காலை மாத்தினாங்க. கஸ்தூரி நட்சத்திரம் அடிச்சுது. நாங்க ஒரு பீரியட் பூரா நடந்து போடற நட்சத்திரம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திரையில வந்துடுச்சு. பொண்ணு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு, அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்திருச்சுது. அந்தோணி உட்கார்ந்து, திரையில இருந்த ஆமையை உத்துப் பார்த்தான். "இதுக்கும் மூளை இல்லையா சார்?"ன்னான். இல்லைடான்னேன். அவனுக்குப் பரம திருப்தி.

அவன்தான் கடைசி. எழுந்து போய் வரிசையில நின்னான். கால் சத்தம் மட்டும் நிக்கலை.

"மாஸ்டர், எல்லாரும் முடிச்சாச்சுல்ல. நிறுத்தச் சொல்லுங்க"ன்னாங்க மேடம். நான் வரிசையைப் பார்த்தேன். விடுபட்டது யாருன்னு எனக்குத் தெரியலை.

"இன்னும் ஒருத்தர் இருக்காங்க மேடம்"னு கஸ்தூரி வாசல்லேர்ந்து சொல்லுச்சு. "எங்க மாஸ்டரும் உள்ளே போனதில்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. "மாஸ்டர், நீங்க ஒரு தடவைகூட...?"ன்னு ஆரம்பிச்சு, முடிக்கலை. இல்லை மேடம்னு சொன்னேன். சொல்லும்போது வெக்கமா போச்சு. அந்த அம்மா ஒரு நாற்காலியை அவங்களே பின்னாடி இழுத்து, எனக்காகப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

உட்கார்ந்தேன். ஒத்தை விரலால ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி, முன்னே நூறுன்னு அடிச்சேன். ஆமை நகர்ந்துச்சு. வெளியே அத்தனை காலும் ஒண்ணா நின்னுச்சு.